பின் ஷாக்கும் ரீபவுண்ட் குமிழும்

ஜூலை 5, 2025, சனி

காக்கி புக்கிட் பட்டறையில் வேலை முடிந்தது. என் சூப்பர் ஃபோர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு ஷாக்கும் (அதிர்வு தாங்கி) மாற்றியாகிவிட்டது. ஒருவர் ஓட்டி விற்றவைதான். ஆனாலும் சீல், எண்ணெய் மாற்றி, நைட்ரஜன் புதிதாக நிரப்பியிருக்கிறது. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டின் அடியிலும் ரீபவுண்ட் குமிழ் உண்டு, ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெளிவாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வரும்போது தீவு விரைவுச்சாலையில் இடுப்பு நொந்துவிட்டது. ஒற்றைப் பள்ளம் எதுவும் செய்யவில்லை. சின்னச் சின்ன மேடாகத் தொடர்ந்து வரும் இடத்தில்தான் தொந்தரவு. முதல் இரண்டு மேடு மெத்தென்று போகிறது, அப்புறம் போகப் போகப் பலகைமேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் கடினம் என்றால் முதல் மேட்டிலேயே தெரிந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் குனிந்து எண்ணிப் பார்த்தேன். குமிழை முழுக்க மூடி, அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ணுவதுதான் வழக்கம். இடது ஷாக் 2 கிளிக், வலது 3 கிளிக். ஏறக்குறைய மூடியே வைத்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை.

நம் ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் வைக்கிறார்கள். ‘டைட்டா’ இருந்தால் வண்டி ஒட்டிக்கொண்டு ஓடும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. அது திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் ரீபவுண்ட்; குமிழை மூட மூட நீள்வது மெதுவாகும். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. 2 மீட்டருக்கு ஒரு மேடு என்றால் நொடிக்கு 11 மேடு. அமுங்கிய சக்கரம் கீழே வந்துசேரும் முன்பே அடுத்தது இடித்துவிடும். ஷாக் மேலும் மேலும் அமுங்கி, கடைசியில் அமுங்க இடமே இருக்காது. அப்போது இடுப்பில் விழும் அடியை ‘ஸ்பிரிங் ஹார்டு’ என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

இரண்டு பக்கமும் 8 கிளிக் திறந்தேன்.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து, ஷாக் மாற்றிய கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் வேறொரு ஷாக்கைப் பிரித்து வைத்திருந்தார். பிஸ்டனில் காகிதம்போல் மெல்லிய எஃகு வட்டுகள், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கின்றன. சக்கரம் வேகமாக நகரும்போது எண்ணெய் அந்த வட்டுகளை வளைத்துக்கொண்டு போகிறது. தண்டின் நடுவில் சிறு துளை, அதற்குள் கூம்பு முனை ஊசி. குமிழ் அசைப்பது அந்த ஊசியை மட்டும்தான்.

“தம்பி, குமிழை வச்சு எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு நெனைக்காதீங்க. வட்டு அடுக்கு தப்பா இருந்தா எத்தனை கிளிக் திருகினாலும் ஆகாது” என்றார். டயர் காற்றையும், ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்ற ‘சேக்’ அளவையும் முதலில் பார்க்கச் சொன்னார்.

ஜூலை 12, சனி

பார்த்தேன். காற்று சரி. நான் உட்கார்ந்தால் பின்பக்கம் 35 மி.மீ. இறங்குகிறது. சாலை வண்டிக்கு 30 முதல் 40 வரை சொல்வார்கள், அதனால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, தொடவில்லை.

அப்புறம் லிம் சூ காங். விமானப்படை பயிற்சிக்காக ஓடுபாதையாக மாற்றிய நேர்சாலை அங்கே இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு உதவாது, அவ்வளவு சீர். நியோ தியூ சாலைதான் சரியான இடம்: வளைவும் உண்டு, ஒட்டுப்போட்ட தாரும் உண்டு.

8 கிளிக்கில் இடிப்பு போய்விட்டது. எல்லை தெரியட்டும் என்று 14 வரை திறந்தேன். மேட்டில் சுகமாக இருந்தது. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை மூடித் திறந்தால் மட்டும் பின்பக்கம் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்புகிறது. 12, 11, 10 என்று ஒவ்வொன்றாக மூடினேன். 10-இல் ஒரே தடவை எழும்பி நின்றது. முன்சக்கரம் நான் பார்த்த இடத்துக்குப் போனது. முந்தைய வாரம் வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடியதும் ரீபவுண்டால்தான். பின்பக்கம் அமுங்கியே கிடந்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடிவிடும், முன்சக்கரம் திரும்ப மறுக்கும்.

ஜூலை 16, புதன்

மதிய வெயில். தோ பாயோவிலிருந்து ஜூரோங் போய்த் திரும்பியதும் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. சூட்டில் எண்ணெய் இளகும், ரீபவுண்டும் வேகமாகும். காலைக் குளிர்ச்சியில் வைத்த 10 கிளிக் இப்போது கொஞ்சம் துள்ளுகிறது. 9-க்கு வந்தேன். இனி ஓட்டிச் சூடானபிறகுதான் திருகுவது.

ஜூலை 20, ஞாயிறு

மனைவியோடு ஜொகூர். கிளம்பும் முன் பிரீலோடு இரண்டு படி ஏற்றினேன், ரீபவுண்டை 7-க்கு மூடினேன். ஆள் ஏறினால் பாரம் கூடும், ஸ்பிரிங்கும் அதிக விசையோடு திருப்பித் தள்ளும். அதைப் பிடிக்க எண்ணெயின் எதிர்ப்பும் கூட வேண்டும்.

கடற்பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். அந்தப் பக்கம் போனதும் சாலை ஒட்டுப்போட்டதாகவே இருந்தது. “என்ன மாத்துனீங்க, இப்ப முதுகுல இடிக்கலையே?” என்று பின்னாலிருந்து குரல். தனியாக 9, இரண்டு பேர் என்றால் 7. இரண்டையும் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவிட்டேன். ஃபோர்க் எண்ணெய்க்கு அடுத்த மாதம் அண்ணனிடம் நாள் கேட்டிருக்கிறேன்.