ஆரவல்லியில் கல்லும் காணியும்

டில்லியின் தெற்கு எல்லையை ஒட்டி ஹரியானாவுக்குள் நீளும் ஆரவல்லி மலைகளைப் பற்றிய செய்திகள், கல் அகழ்பவர்களையும் காணி விற்பவர்களையும் எதிரெதிர்த் தரப்புகளாகவே பெரும்பாலும் காட்டுகின்றன. யார் முதலில் கைவைப்பது என்பதில் அவர்களுக்குள் போட்டி இருக்கலாம். ஆனால் அந்த நிலம் அரச பதிவேடுகளில் காடாகவோ மலையாகவோ இருக்கக்கூடாது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே விருப்பம்தான் என்பதை, அங்கு நடந்த வழக்குகளை வரிசைப்படுத்திப் படித்தபோது உணர்ந்தேன்.

1992 மே மாதத்தில் இந்திய மத்திய அரசு வெளியிட்ட அறிவித்தல், குருகிராம், அல்வார் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதிகளில் சுரங்கத்தையும் கட்டுமானத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தியது. 2002இல் கல் அகழ்வைத் தடுத்த உச்ச நீதிமன்றம், 2009இல் ஃபரிதாபாத், குருகிராம், மேவாட் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அதை முற்றாக நிறுத்தியது.

கட்டுமானத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. ஃபரிதாபாத்தின் அனங்பூரில் எழுந்த காந்த் என்கிளேவ் குடியிருப்பு, 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1992 ஆகஸ்டில் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அமைந்தது. அது காடு என்று வனத்துறை சொல்லிக்கொண்டிருந்தபோதே, அதே மாநிலத்தின் நகரத் திட்டமிடல் துறை அனுமதிகளை வழங்கிக்கொண்டிருந்தது. ஒரே அரசின் இரண்டு அலுவலகங்கள் ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினால், இலாபம் யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா? 2018 செப்டெம்பரில் அதை இடிக்கவும், மனை வாங்கியவர்களுக்குப் பணத்தை வட்டியுடன் திருப்பிக் கொடுக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே ஃபரிதாபாத்தின் கோரி கிராமத்தினருக்கு அத்தகைய ஈடு கிடைக்கவில்லை. கல் உடைக்க வந்த தொழிலாளர்கள் குவாரிகளின் அருகே போட்ட குடிசைகளில் தொடங்கிய ஊர் அது. குவாரிகள் மூடப்பட்ட பின்னர், தரகர்கள் அங்கு ஏழைகளுக்குத் துண்டு துண்டாக நிலம் விற்றார்கள். வனநிலம் என்ற காரணத்தால் 2021 ஜூனில் வந்த உத்தரவைத் தொடர்ந்து, ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகள் அகற்றப்பட்டன. அதே மலையின் பண்ணை வீடுகளும் திருமண மண்டபங்களும் வழக்காடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அதே சட்டம்தான் என்ற தீர்ப்பு 2022 ஜூலையில் வந்தது.

சட்டத்தையே தளர்த்தும் முயற்சியும் நடந்தது. அந்த 1900ஆம் ஆண்டுச் சட்டத்தை ஹரியானா சட்டசபை 2019 பெப்ரவரியில் திருத்தியதும், அதன்படி நடக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சில நாட்களிலேயே தடுத்தது. 2025 நவம்பரில், சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து 100 மீற்றர் உயர்ந்தால்தான் ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை அதே நீதிமன்றம் ஏற்று, எதிர்ப்பு எழுந்ததும் டிசெம்பர் இறுதியில் அதை நிறுத்திவைத்தது.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் எனக்கு அந்த 100 மீற்றர் அளவுகோல் சிறிது நடுக்கத்தையே தந்தது, ஏனெனில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நாம் வாங்கும் தொடர்மாடி வீடுகளுக்கான கருங்கல், கம்பஹா, களுத்துறை, அவிசாவளைப் பக்கங்களிலிருந்து டிப்பர்களில் வருகிறது. அங்குள்ள பல குன்றுகள் அந்த அளவுகோலில் குன்றுகளாகவே தேறமாட்டா. இங்கும் பொறுப்புகள் பிரிந்தே கிடக்கின்றன: அகழ்வதற்கான உரிமத்தை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வழங்குகிறது, சுற்றாடல் அனுமதி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பொறுப்பு, காணியைத் துண்டாக்கும் திட்டமோ பெரும்பாலும் பிரதேச சபையின் மேசைக்குப் போகிறது. கல் தீர்ந்த குவாரிக் காணி பேர்ச் கணக்கில் விற்பனைக்கு வரும்போது, முன்னைய இரண்டு அலுவலகங்களின் கோப்புகளையும் கேட்டுப் பார்ப்பவர் மிகக் குறைவு. விளம்பரத்தில் அதிவேக நெடுஞ்சாலை நுழைவாயிலுக்குள்ள தூரம் இருக்கும், வங்கிக் கடன் வசதியும் இருக்கும். வெடிவைத்த பாறைமுகம் எப்போது கைவிடப்பட்டது, பள்ளம் எதனால் நிரப்பப்பட்டது என்பவற்றை வாங்குபவர்தான் கேட்டு, உறுதி எழுதுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.