‘படும்’ என்று முடிகிற வரிகள்: திருவருகைக் கால நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு. புதுச்சேரி

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. இன்று, கிறிஸ்துமஸுக்குத் தயாரிக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி நற்செய்தி லூக்கா 21. ‘கடலின் கொந்தளிப்பின் முழக்கத்தினால்’ மக்கள் கலங்குவார்கள் என்கிற பகுதி. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் என்றோ குறித்துவைத்த வாசகம்தான், புயலுக்காகத் தேடி எடுத்ததல்ல. அடையாளம் பார்க்கிறவர்கள் 25ஆம் வசனத்திலேயே நின்றுவிடுவார்கள். தயாரிப்புக்கு வேண்டியது 34: உள்ளம் மந்தமாகிவிடக் கூடாது. மந்தமாக்குகிறவற்றில் குடிவெறியோடு ‘இவ்வுலகக் கவலை’யும் ஒரே வரியில் வருகிறது. இந்த வாரம் வீட்டுக்கு வீடு இருப்பது அதுதான்.

டிசம்பர் 4, புதன்

அடுத்த ஞாயிறு லூக்கா 3:1-6. ஆறே வசனம், இருபது நிமிடம் போதும்.

முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். பெயர்களை விழுங்காதீர்கள்: திபேரியு, பிலாத்து, ஏரோது, பிலிப்பு, லிசானியா, அன்னா, கயபா. பேரரசர் முதல் தலைமைக் குரு வரை ஏழு பேரை அடுக்கிவிட்டு, கடவுளின் வாக்கு வந்ததென்னவோ பாலைநிலத்துத் திருமுழுக்கு யோவானுக்கு என்கிறார் லூக்கா. பெயர்களைத் தாண்டிப் போனால் இந்தத் திருப்பமே தெரியாது. இரண்டாம் தடவை, ஒரு சொல் நெஞ்சில் தைக்கும்வரை மெதுவாக. தைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதையே சொந்தப் பேச்சில் மன்றாட்டாக்குங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ இந்த நான்கையும் ஏணிப்படிகள் என்றார். கடைசிப் படியில்தான் எல்லோரும் இறங்கி ஓடுவது.

டிசம்பர் 7, சனி

அதே ஆறு வசனத்தில் பென்சிலால் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். வழியை ஆயத்தமாக்குங்கள், பாதையைச் செம்மையாக்குங்கள்: நமக்குக் கட்டளை இந்த இரண்டே. பள்ளம் நிரப்பப்படும், மலை தாழ்த்தப்படும், கோணல் நேராக்கப்படும், கரடுமுரடு சமதளமாக்கப்படும்: நான்கும் ‘படும்’. கிரேக்கத்தில் முதல் இரண்டு செயப்பாட்டு வினை. மற்றவை ‘நேராகும்’ என்கிற மாதிரி நிற்கும். எப்படிப் பார்த்தாலும் பள்ளத்தை நிரப்புகிறவர் நாமல்ல.

பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் பள்ளம் என்றால் சோர்வு, மலை என்றால் ஆணவம் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம் எழுதுவது வழக்கம். மூன்றாம் வாரத்தில் தீர்மானம் போய்விடும், குற்ற உணர்வு மிஞ்சும். புயலில் முறிந்த வேப்பங்கிளையை இழுத்துப் போடுவது தெருக்காரர் வேலை. ரோட்டுக்கு ஜல்லி கொட்டுவது வேறு ஆள். ஆகவே இழுத்துப் போட வேண்டிய கிளை ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருவரின் பெயர், அவ்வளவுதான்.

டிசம்பர் 11, புதன்

15ஆம் தேதி ஞாயிறுக்கு லூக்கா 3:10-18. ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று மூன்று முறை வருகிறது. கூட்டம், வரிதண்டுவோர், படைவீரர் எனக் கேட்பவர் வேறு, பதிலும் வேறு. ஒருவரையும் வேலையை விட்டுப் பாலைநிலத்துக்கு வரச் சொல்லவில்லை யோவான்.

இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்பது முதல் பதில். நிவாரணத் துணி சேர்க்கும் இடங்களில் சாயம் போனதும் கிழிந்ததும் குவிவது இந்த வசனத்தைத் தப்பாகப் படிப்பதால். அது உதவாததைக் கழிப்பதைச் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்கிறது. அடுத்த மாதம் நீங்களே கட்டக்கூடிய புடவையை எடுங்கள். உள்பாவாடையும் ரவிக்கைத் துணியும் சேர்த்து வையுங்கள்.