விதைக்கு விடும் தக்காளி

கடையில் வாங்கும் பெங்களூர்த் தக்காளி பெரும்பாலும் ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்தது. அதன் விதையைத் தூவினாலும் முளைக்கும், காய்க்கும். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதம். நாட்டு ரகத்தில் தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே. மாடித்தோட்டத்தில் நாட்டுத் தக்காளி போட இதுவே முதல் காரணம், ருசி அடுத்ததுதான். ரசம் வைப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், தட்டையான உருவம், மெல்லிய தோல், தூக்கலான புளிப்பு: நம் நாட்டுக்காய்க்கு இதுதான் அடையாளம். அது கிடைக்காவிட்டால் பி.கே.எம்.1 போடலாம். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளத்தில் சடுதிமாற்றம் (மரபணுவில் வரும் திடீர் மாற்றம்) மூலம் எடுத்த ரகம் அது. ஹைப்ரிட் இல்லை என்பதால் தைரியமாக விதை எடுக்கலாம். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் போன்ற வெளிநாட்டு ரகங்களை வாங்குபவர்கள் யோசித்து வாங்குங்கள். நட்ட பின் 80 நாளாவது ஆகும் பெருங்காய் ரகங்கள் அவை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. சென்னையில் நடவு கொஞ்சம் தள்ளிப்போனாலும், அவை காய்க்கத் தயாராகும்போது பங்குனி வெயில் வந்துவிடும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். அதற்கு எந்தக் கரைசல் தெளித்தும் பயனில்லை.

எனவே பூக்கும் காலம் மார்கழி, தை, மாசிக்குள் விழ வேண்டும். சென்னைப் பக்கம் அக்டோபரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, 25 நாளான நாற்றை நவம்பரில், பெருமழை விட்ட இடைவெளியில் மாற்றுங்கள். ஒரு செடிக்கு 15 லிட்டருக்குக் குறையாத பை. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, தேங்காய் நார்க்கழிவு ஒன்று, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. காயின் அடிப்பக்கம் கருத்தால், ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியதன் விளைவு. இதற்கு முட்டை ஓடு போட்டால், அது மக்கிச் சுண்ணாம்புச் சத்து தருவதற்குள் பருவமே முடிந்துவிடும், தண்ணீரைச் சீராக ஊற்றினாலே போதும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால் தண்டை வெட்டி, ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காதீர்கள்.

இனி விதை. முதலில் பழுத்த காயை அல்ல, நல்ல செடியின் காயை விடுங்கள்; நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியின் இரண்டாவது அல்லது மூன்றாவது கொத்து. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், பல ரகம் நெருக்கமாக இருந்தால் தேனீ கலப்பு செய்துவிடலாம். மொட்டு விரியுமுன் கொத்துக்கு மெல்லிய வலைப்பை கட்டி, தினமும் காலையில் காம்பைச் சுண்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். கட்டாவிட்டால் அது குழம்புக்குப் போய்விடும்.

பழம் கை பட்டாலே அமுங்கும் அளவுக்குக் கனிந்ததும் குறுக்கே வெட்டி, விதையைக் கொழகொழப்போடு கண்ணாடி டம்ளரில் பிழியுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் துணியால் மூடி, நிழலில் வையுங்கள். விதை முளைக்காமல் தடுப்பது அந்தக் கொழகொழப்புதான், புளித்தால்தான் அது கழலும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாள் போதும். மேலே வெள்ளை ஆடை படரும், நாற்றமும் வரும். மூன்றாம் நாளுக்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை கிளம்பும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை வடிகட்டியில் அலசுங்கள்.

காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. பீங்கான் தட்டில் பரப்பி, தினம் கிளறி, ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். ரகத்தின் பெயரும் மாதமும் எழுதிய காற்றுப் புகாத பாட்டிலில் போட்டால் நான்கு வருடமாவது முளைப்புத் திறன் நிற்கும். பழைய விதை என்றால் விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பத்து நாளுக்குள் ஐந்துகூட முளைக்கவில்லை என்றால் நாற்றங்காலில் இரண்டு மடங்காகத் தூவுங்கள்.