ஆஷிங்டன்: சுவர்ப் பெயின்டில் ஒரு சுரங்கம்

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் ரயில் ஏறினால் ஆஷிங்டனுக்கு 35 நிமிடம்தான். இந்தத் தடத்தில் பயணிகள் ரயில் 1964-இல் நின்றுபோனது. திரும்ப ஓட ஆரம்பித்தது 2024 டிசம்பரில். நடுவில் 60 வருடம் தண்டவாளம் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் நிலக்கரி வண்டிகள். ஆட்களுக்கு ரயில் இல்லாத காலத்திலும் கரிக்கு இருந்தது.

ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சுரங்கக் கிராமம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர் இது. தொழிலாளர் குடியிருப்புத் தெருக்களுக்கு முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண்ணே பெயர். கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. ஊரைத் தாண்டி நடந்தால் வுட்ஹார்ன் சுரங்கத்தின் தூக்குச் சக்கரங்கள், ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கியவை, தெரிகின்றன. 1894-இல் தோண்ட ஆரம்பித்த சுரங்கம், 1981-இல் மூடப்பட்டது. இப்போது அருங்காட்சியகம். செங்கல் கட்டடங்களைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். 1916 ஆகஸ்டில் நடந்த வெடிவிபத்தில் இறந்த 13 பேருக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது.

நான் வந்தது இங்கே மாட்டியிருக்கும் ஓவியங்களுக்காக.

1934-இல் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகள் சிலர் ஓவியத்தைப் புரிந்துகொள்ள ஒரு மாலை வகுப்பு கேட்டார்கள். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஆசிரியர் வந்து, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியங்களைத் திரையில் காட்டினார். யாருக்கும் ஒட்டவில்லை. சரி, நீங்களே வரைந்து பாருங்கள், அப்புறம் புரியும் என்றார். வாரம் ஒரு தலைப்பு. வரைந்துகொண்டு வந்து மாட்டுவார்கள், மற்றவர்கள் தாட்சண்யம் பார்க்காமல் பேசுவார்கள். இரண்டே வருடத்தில், 1936-இல், நியூகாசிலின் ஹாட்டன் காட்சிக்கூடத்தில் கண்காட்சி. பெயர் வந்த பிறகும் வேலையை விடவில்லை. பகலில் சுரங்கம், மாலையில் தூரிகை. இதுதான் ஆஷிங்டன் குழு.

படங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எண்ணெய் ஓவியத்தின் மினுமினுப்பு பலவற்றில் இல்லை. வால்பமர் என்ற சுவர்ப் பெயின்டைத்தான் நிறைய பயன்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் கான்வாஸில் இல்லை, மலிவான அட்டைப் பலகையில். பெயின்ட் சீக்கிரம் உலர்ந்துவிடும், குழைத்துக் குழைத்து மெருகேற்ற முடியாது. அதனால் நிறங்கள் ஒன்றோடொன்று கரையாமல் தனித்தனியாக, வெள்ளையடித்த சுவர் மாதிரி மங்கலாக நிற்கின்றன. கரித்தூசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயின்ட் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

குழுவில் ஒருவரான ஆலிவர் கில்போர்னின் படங்களிடம்தான் அதிக நேரம் நின்றேன். சிறுவனாகச் சுரங்கத்தில் இறங்கியவர். ஓய்வுபெற்ற பிறகு தன் வேலை வாழ்க்கை முழுவதையும் ஒரு வரிசையாக வரைந்து வைத்தார். கையால் கரி வெட்டிய நாட்கள், மட்டக்குதிரைகள், பிறகு வந்த இயந்திரங்கள். வரைந்தபோதே அதில் பாதி இல்லாமல் போயிருந்தது. கரி வெட்டும் இடமான கரிமுகத்துப் படங்களில் ஆள் நிமிர இடம் கிடையாது. மேலே பாறை, கீழே பாறை, நடுவில் முட்டுமரங்கள், அவற்றுக்கிடையே மடிந்து கிடக்கும் உடம்பு.

பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். முன்பு சுரங்கத்தில் இருந்தவராம். படத்திலிருந்த முட்டுமரங்களை விரலால் காற்றில் ஒவ்வொன்றாக எண்ணினார். இடைவெளி சரியாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். எந்த விமர்சகரும் பார்க்காத இடத்தை அவர் பார்த்தார். கூரை விழாமல் இருக்க எத்தனை மரம் வேண்டும் என்று தெரிந்தவர் வரைந்ததை, அது தெரிந்த இன்னொருவர் சரிபார்த்தார். யதார்த்த ஓவியம் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஒரு விரலுக்கு முன்னால் சின்னதாகிவிட்டது.

வெளியே வந்து தூக்குச் சக்கரங்களைத் திரும்பப் பார்த்தேன். தரைக்கு மேலே இருந்ததில் கொஞ்சமாவது காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வேலை நடந்தது கீழே. அங்கே இனி யாரும் போக முடியாது. அந்த இடுக்கு எவ்வளவு உயரம், விளக்கு எதுவரை எட்டியது என்பதற்கெல்லாம் இனி இந்தப் பலகைகள்தான் சாட்சி.

குழுவும் சுரங்கத்தோடு சேர்ந்தே முடிந்தது. அவர்கள் கூடி வரைந்த குடிசையை 1980-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் 1984-85 பெரும் வேலைநிறுத்தம் தோற்று, ஆஷிங்டன் சுரங்கம் 1988-இல் மூடியது. பக்கத்து எல்லிங்டன் 2005 வரை தாக்குப்பிடித்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழச் சுரங்கம் அது.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு பூங்கா, நடுவில் ஏரி. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகியிருந்த இடமாம். கரையில் இரண்டு பையன்கள் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். புல் பெயர்ந்த ஓரிடத்தில் காலால் கிளறினேன். கறுப்பாகத்தான் இருந்தது.