ஓடுபாதைக்கு வடக்கே

ஜூன் 16

இளைஞர் தின விடுமுறை. பெரிய டாக்டர் வரவில்லை. ஆபரேஷன் தேதியும் சொல்லவில்லை.

ஜூன் 17

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எமிரேட்ஸ் வந்துடுச்சா? எந்தப் பக்கமிருந்து இறங்குச்சு?"

நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வடக்கே இருந்து இறங்கினால் எங்கள் டோங்காட் பக்கம் வரும். தெற்கே என்றால் சத்தம்கூடக் கேட்காது. 2010-ல் டர்பன் ஏர்போர்ட் லா மெர்சிக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். பழைய ஏர்போர்ட் மெர்பேங்க் பக்கம் இருந்தவரை நான் நிம்மதியாக இருந்தேன்.

"வடக்கே இருந்துதான்" என்றேன். பொய். தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"காத்து மாறியிருக்கு அப்போ" என்று சந்தோஷப்பட்டார்.

ஜூன் 18

இன்று நிஜமாகவே பார்த்தேன். சக்கரத்தை நீட்டிக்கொண்டு, கரும்புக் காட்டுக்கு மேலே, அவசரமே இல்லாமல் வந்தது. 777. அதன் என்ஜினுக்கு முன்னால் இருக்கும் விசிறியின் குறுக்களவு 3.25 மீட்டராம், போனில் சொன்னார். டேப்பை எடுத்துச் சமையலறையை அளந்தேன். 2.90. ஃபிரிட்ஜை நகர்த்தினாலும் உள்ளே நுழையாது.

இதை எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை. மணி பதினொன்று.

ஜூன் 19

வார்டில் மானம் போயிற்று. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு சாகச விமானி பாப் ஹூவர் கதை. இரண்டு என்ஜினையும் அணைத்துவிட்டு, சேர்த்து வைத்த வேகத்திலேயே விமானத்தை லூப் அடித்து, உருட்டி, இறக்கி, பார்வையாளர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாராம் அந்த மனுஷன். இன்னொரு சமயம், விமானம் பீப்பாய் மாதிரி முழுசாக உருளும்போதே ஒரு கையால் குளிர்ந்த டீயை கிளாஸில் ஊற்றுவாராம். சொட்டு சிந்தாதாம். உருட்டலைச் சீராகச் செய்தால் எடை எப்போதும் தரைப் பக்கமே இழுக்கிற மாதிரி இருக்கும், டீக்குத் தலைகீழானதே தெரியாது என்று விளக்கியவர், சரி, அதோடு விட்டிருக்கலாம். நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சி டீயை எடுத்துக் கையைச் சுழற்றிக் காட்டினார். போர்வை, தலையணை, ஈசிஜி ஒயர் எல்லாம் டீ. நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள்.

தாத்தா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

ஜூன் 20

தூக்கமில்லை. விடியற்காலை முதல் விமானம் கிளம்பும்வரை விழித்திருந்தேன்.

ஜூன் 21

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்க்கிற வீடியோவா இது? 2007 நவம்பர் 7, கேப் டவுன், நேஷன்வைட் கம்பெனியின் பழைய 737 விமானம். தரையை விட்டு எழும்பும் நேரத்தில் வலது என்ஜின் நின்றுபோகவில்லை, கழன்று ஓடுபாதையிலேயே விழுந்துவிட்டது. ஒற்றை என்ஜினோடு மேலே போய், வட்டமடித்து, பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தியா, விழுந்தே போச்சு! அப்பவும் பறக்குது!" கண்ணெல்லாம் ஒளி. இருபத்தைந்து வருஷத்தில் என் சமையலைச் சாப்பிட்டு இப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை.

போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வரும் வழியெல்லாம் அழுகை. மினிபஸ்ஸில் முன் சீட்டு அம்மா பிஸ்கட் நீட்டினார்.

ஜூன் 22

26-ஆம் தேதி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய டாக்டர் நிதானமானவர், காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். ரத்தத்தை மெஷின் ஓட்டும். மூன்று அடைப்புக்கும் ஒட்டுப்போட்டு முடித்ததும் மறுபடி ஓட விடுவார்களாம்.

"எவ்வளவு நேரம் நின்றிருக்கும்?"

"ஒரு மணி நேரம். கொஞ்சம் கூடலாம்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 23

அக்கா மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மனுக்கு ஆடிக் கஞ்சி வேண்டிக்கொண்டாளாம். எத்தனை படி என்று என்னைக் கேட்காமலே.

ஜூன் 24

போனைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தேதி அவருக்குத் தீபாவளி மாதிரி. 1995-ல் இதே நாள், ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கேப்டன் லாரி கே ஓட்டிய 747 விமானம் ஸ்டேடியக் கூரையை உரசுகிற மாதிரி வந்தது, அடிப்பக்கம் வாழ்த்து எழுதிக்கொண்டு. வீட்டு டிவியே அதிர்ந்தது என்பார். வருஷா வருஷம் அதிர்வு கூடுகிறது. அந்த விமானம் ஜெர்மிஸ்டன் ராண்ட் ஏர்போர்ட் மியூசியத்தில் நிற்கிறது, மூன்று முறை என்னையும் இழுத்துப் போயிருக்கிறார்.

1982-ல் இதே நாள் நடந்ததும் பலமுறை கேட்ட கதைதான். கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்தது. நான்கு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 263 பேர். "ஒரு சின்னச் சிக்கல்" என்றுதான் கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் ஆரம்பித்தாராம்.

இன்று நானாகக் கேட்டேன். "மறுபடி எப்படி ஓடுச்சு?"

ஆச்சரியமாகப் பார்த்தார். சாம்பல் என்ஜின் சூட்டில் உருகி, கண்ணாடி மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டது. நின்றதும் என்ஜின் ஆறியது. ஆறியதும் ஒட்டியது இறுகி, உடைந்து உதிர்ந்தது. காற்றுக்கு வழி கிடைத்தது. பற்றிக்கொண்டது. அப்புறம் ஜகார்த்தாவில் இறங்கினார்கள்.

"நின்னதாலதான் ஓடுச்சுன்னு சொல்றீங்களா?"

"அப்படியும் சொல்லலாம்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"பதிமூணு நிமிஷம் இருக்கும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ஜூன் 25

இரவு பத்துக்குப் பிறகு தண்ணீரும் கூடாதாம். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். என் கட்டை விரலுக்குத்தான் சேருகிறது.

17-ஆம் தேதி சொன்னது பொய் என்று சொன்னேன். "தெரியும், அன்னிக்கு முழுக்கத் தெற்குப் பக்கத்து இறக்கம், ஆப்ல பார்த்தேன்" என்கிறார்.

ஜூன் 26

காலை ஏழு என்றார்கள். ஒரு மணிக்குத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். இந்த வராந்தாவிலிருந்து வானம் தெரியாது, எதிர்க் கட்டடத்தின் குழாய்கள்தான். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றரை. ஒன்றும் இல்லை.

நாலு மணி. கதவு திறந்தது. வேறு யாருக்கோ.

இப்போது பையன் மெசேஜ்: "ஆன்ட்டி, வடக்கே இருந்து. நானே பார்த்தேன்."