27 நாள் சுற்று: கடலூர் சிந்தசைசர் நாட்குறிப்பு

ஜூலை 19, சனி

எலக்ட்ரானிக் இசை என்றாலே கல்யாண மண்டப டிஜே என்று நினைப்பவருக்கு, எடுத்த எடுப்பில் டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மானியக் குழுவின் சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி) இசைத்தட்டு 'ஃபீட்ரா'வைப் போட்டுக் காட்டக் கூடாது. பத்தாவது நிமிஷத்தில் "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்பார். வரிசை முக்கியம்.

முதலில் பிரெஞ்சு இசைக்கலைஞர் ஷான் மிஷேல் ஜாரின் 'ஆக்ஸிஜென்' (1976). மெட்டு இருக்கிறது, காது பிடித்துக்கொள்ளும். அதில் மிதக்கும் ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற ஒலி) எமினெண்ட் 310 என்ற ஆர்கனில் வாசித்து, ஸ்மால் ஸ்டோன் என்ற ஃபேசர் (ஒலியைச் சுழல்வது போல ஆட்டும்) பெடல் வழியாக விட்டது. வீட்டில் செய்து பார்க்க எந்த ஸ்டிரிங்ஸ் சத்தமும் போதும்; ஃபேசர் வேகத்தை 0.2 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதாவது 5 செகண்டுக்கு ஒரு சுற்று. இன்னும் வேகமாக வைத்தால் சர்ச் ஆர்கன் போல ஆடத் தொடங்கிவிடும்.

அடுத்து டேஞ்சரின் ட்ரீமின் 'ரூபிகான்' (1975). பிறகு 'ஃபீட்ரா' (1974). ஜெர்மானியக் கலைஞர் கிளாவுஸ் ஷூல்ஸேயின் 'டைம்விண்ட்' (1975) கடைசியில். இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒரே உருப்படி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் முதுகெலும்பு கீழ் ஸ்தாயியில் ஓடும் சீக்வென்ஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுரவரிசை. 1 கட்டை சுருதியில் இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜமம் 65 ஹெர்ட்ஸ். அது ஃபோனில் வராது. வருவதெல்லாம் அதன் மேல்சுரங்களின் (ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மடங்கு அதிர்வெண்களின்) கிறுகிறுப்பு மட்டும்தான். 500 ரூபாய் இயர்ஃபோன் இதைவிட எவ்வளவோ மேல்.

ஜூலை 20, ஞாயிறு

சீக்வென்சர், அதாவது சுரவரிசையைத் தானே திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி. மூக் (Moog) நிறுவனத்தின் 960 என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை: 8 படி, 3 வரிசை, படிக்கு ஒரு குமிழ். குமிழைத் திருகினால் வோல்டேஜ் மாறும். 1 வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி. ஆகவே அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். கையால் திருகிச் சுருதி சேர்ப்பதால் குமிழ் துளி நகர்ந்தாலும் அபஸ்வரம். டேஞ்சரின் ட்ரீமின் கிறிஸ்டோபர் ஃப்ராங்கே மேடையில் அதன் முன்னால் நின்றே நேரம் போக்கியதற்கு இதுதான் காரணம்.

இலவச மென்பொருளான விசிவி ரேக்கில் இதை அப்படியே கட்டலாம். வேகம் நிமிஷத்துக்கு 112 அடி, பதினாறாம் பங்கு சுரங்கள் (அடிக்கு 4). 8 படி:

ஸ – ஸ – ப – மேல் ஸ – நி – ஸ – மேல் க – ப

க சாதாரணம், நி கைசிகி. ரி, ம, த மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மொத்த வரிசையும் இடம் பெயரும். எல்லாச் சுரங்களையும் நிரப்பி வைத்தால் பெயரும்போது மேலே பிடித்திருக்கும் கார்டோடு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) மோதும்.

இனி டிலே, அதாவது எதிரொலி. 60,000-ஐ வேகத்தால் வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள்: 402 மில்லிசெகண்ட். இது சரியாக 3 படி. ஒவ்வொரு சுரத்தின் எதிரொலியும் மூன்று படி தள்ளி பெரும்பாலும் வேறொரு சுரத்தின் மேல் விழுவதால், 8 சுரம் 16 சுரம் போலக் கேட்கும். ஃபீட்பேக் (எதிரொலி திரும்ப உள்ளே போகும் அளவு) 35 சதவீதம். எதிரொலியில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் அசல் எது எதிரொலி எது என்று தெரியாமல் இரைச்சலாகிவிடும்.

இரண்டாவது சிந்தசைசரில் அதே வேகத்தில் 7 படி வரிசை ஒன்று. 8-ம் 7-ம் 56 படியில் சேரும்; 112 வேகத்தில் அது 7.5 செகண்ட். 5 படி வரிசையும் சேர்த்தால் 280 படி, 37.5 செகண்ட். மிருதங்கக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், கோர்வை போடுகிறவர்களுக்கு இது தினப்படி கணக்கு.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு: சினிமா பின்னணி இசைப் பழக்கத்தில் நாலு பாருக்கு ஒருமுறை சுரத்தை மாற்றுவது. சுரம் அப்படியே இருக்கட்டும். ஃபில்டர் கட்ஆஃபை (இதற்கு மேலுள்ள அதிர்வெண்கள் வெட்டுப்படும்) 200 ஹெர்ட்ஸில் தொடங்கி 3 நிமிஷத்தில் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கையால் திறவுங்கள். கூடவே சுரத்தின் நீளத்தை 60 சதவீதத்திலிருந்து 25-க்குக் குறையுங்கள். கேட்பவருக்கு எது மாறியது என்று சொல்லத் தெரியாது, மாறியது மட்டும் தெரியும்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

விடிகாலையிலிருந்தே குழாய் ஸ்பீக்கர். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இந்த மாதம் மெல்லிய இசை கேட்க இரவு பத்து மணிக்கு மேல்தான் தோது.

இதையொட்டி ஒன்று. 1975-இல் ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விபத்துக்குப் பின் படுக்கையில் கிடந்தார். தோழி கொடுத்துப் போன ஹார்ப் இசைத்தட்டு ஓடியது; ஆம்ப்ளிஃபயர் ரொம்பத் தாழ்வாக இருந்தது, ஒரு பக்க ஸ்பீக்கர் வேறு வேலை செய்யவில்லை. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லாமல் மழைச் சத்தத்தோடு சேர்த்தே கேட்டிருக்கிறார். 'டிஸ்க்ரீட் மியூசிக்' (1975) உறையில் அவரே எழுதியது இது. ஆகவே ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும்) உருப்படியை மிக்ஸ் செய்து முடித்ததும், சத்தத்தை முக்கால்வாசி குறைத்து, ஃபேனை ஓடவிட்டு ஒருமுறை கேளுங்கள். அப்போதும் எது மேலே நிற்கிறதோ அதுதான் உங்கள் இசை. குழாய் ஸ்பீக்கரோடு மட்டும் போட்டி போடாதீர்கள்.

ஜூலை 27, ஞாயிறு

பேட் சத்தம், அதாவது பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மெத்தென்ற ஒலி. சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர் போதும், இலவசம்.

இரண்டு ரம்ப அலை ஆசிலேட்டர் (ஒலி உண்டாக்கும் பகுதி). எல்லா யூடியூப் பாடத்திலும் ஒன்றை 7 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே, மற்றதை 7 சென்ட் கீழே வைக்கச் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 220 ஹெர்ட்ஸில் 14 சென்ட் வித்தியாசம் என்றால் செகண்டுக்கு 1.8 அதிர்வு (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு). நடனப் பாட்டுக்குச் சரி. தூங்கும் பேட்டுக்கு அது நடுக்கம். மேலே 2, கீழே 2 என்று வையுங்கள்: இரண்டு செகண்டுக்கு ஓர் அலை. ஆனால் சென்ட் கணக்கில் ஸ்தாயி ஏற ஏற அதிர்வும் இரட்டிக்கும். மேல் சுரங்கள் படபடவென்றும் கீழ்ச் சுரங்கள் அசையாமலும் இருப்பது இதனால்தான். மேல் சுரங்களுக்குத் தனி ட்ராக் போட்டு, அங்கே டிட்யூனை (இந்தச் சென்ட் வித்தியாசத்தை) பாதியாக்குவது சுலபமான வழி.

ஃபில்டர்: 24 டெசிபல் லோ-பாஸ், கட்ஆஃப் 600 ஹெர்ட்ஸ், ரெசொனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஒலியைத் தூக்கிவிடுவது) 15 சதவீதம். கட்ஆஃபை ஆட்டும் எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் அலை) 0.03 ஹெர்ட்ஸ் (33 செகண்ட்), ஒலியளவை ஆட்டும் இன்னொன்று 0.041 ஹெர்ட்ஸ் (24 செகண்ட்). இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்தால் பேட் மூச்சுவிடுவது போல ஆகி, இரண்டு நிமிஷத்தில் சலித்துவிடும்.

அட்டாக் (ஒலி எழும் நேரம்) 4 செகண்ட், ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) 8. இங்கேதான் 'டிக்' சத்தம் வரும். நாலு சுர கார்டை 4 செகண்டுக்கு ஒருமுறை மாற்றினால், முந்தைய இரண்டு கார்டின் வாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்: 4 + 8 = 12 குரல். 8 குரல் மட்டுமே உள்ள சிந்தசைசர் பழைய குரலைப் பாதியில் வெட்டித்தான் புதியதற்குக் கொடுக்கும். பாலிஃபோனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல் எண்ணிக்கை) 16-க்கு ஏற்றுங்கள். முடியாத கருவி என்றால் கார்டை மூன்று சுரமாக்கி, ரிலீஸை 4-க்குள் வைத்து, மீதி வாலை ரிவெர்பிடம் (பெரிய கூடத்தின் முழக்கம் தரும் எஃபெக்ட்) விடுங்கள்.

ரிவெர்ப்: 12 செகண்ட், ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்குமுன் தாமதம்) 60 மில்லிசெகண்ட். ரிவெர்புக்குள் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. இந்த ஒரு வெட்டு இல்லாததால்தான் முதல் முயற்சிகள் எல்லாம் சேறாகின்றன.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இந்த நாட்குறிப்பில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) தொகுப்பில் வெறும் குரல்களால் ஆன உருப்படி ஒன்று உண்டு. ஒவ்வொரு குரலும் ஒரே சுரம், தனித்தனி டேப் லூப் (முனைகளை ஒட்டி வளையமாக்கிய டேப்). மூன்று லூப்பின் நீளத்தை ஈனோ சொல்லியிருக்கிறார்: 23½ செகண்ட், 25⅞ செகண்ட், 29 15⁄16 செகண்ட். டேப் செகண்டுக்கு 15 அங்குலம் ஓடினால் 23½ செகண்டுக்கே 9 மீட்டர் வேண்டும். ஜெர்மானிய இசைத் தயாரிப்பாளர் கோனி பிளாங்கின் ஸ்டுடியோவில் உலோகக் குழாய் நாற்காலிகளைச் சுற்றி டேப்பை ஓடவிட்டார்கள்.

இம்மூன்றும் தொடங்கிய நிலைக்கு எப்போது திரும்பும்? பதினாறில் ஒரு பங்கு செகண்டை அலகாக எடுத்தால் 376, 414, 479. மீச்சிறு பொது மடங்கு 3,72,81,528. 16-ஆல் வகுத்தால் 23,30,095.5 செகண்ட். ஏறக்குறைய 27 நாள்! சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றி வரும் காலம். ஈனோ பஞ்சாங்கம் பார்த்து வெட்டியிருக்க மாட்டார், தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறாக 20, 25, 30 செகண்ட் என்று அழகான எண்களை எடுத்தால் 300 செகண்டில், அதாவது 5 நிமிஷத்தில், எல்லாம் திரும்பிவிடும். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது இந்த முழு எண்ணில்தான்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்முறை. 'ஆ' என்று ஒரே சுரத்தில் 6 செகண்ட் பாடிப் பதியுங்கள். முன்னால் 1 செகண்ட் ஃபேட்-இன், பின்னால் 2 செகண்ட் ஃபேட்-அவுட். மீதி நேரத்தை மௌனத்தால் நிரப்பி மொத்தம் 23.5 ஆக்குங்கள். இன்னொரு ட்ராக்கில் வேறு சுரம், 25.875. மூன்றாவது 29.9375. பிறகு ரிப்பீட் எஃபெக்ட். மொத்தம் 40 பிரதி வந்தால் முதல் ட்ராக் 15 நிமிஷம் 40 செகண்ட். மற்றவற்றையும் அதே இடத்தில் வெட்டிவிடலாம்.

ரிவெர்பைத் தனித்தனி லூப்பில் போடாதீர்கள். வால் லூப்பின் முனையில் அறுந்து 'லபக்' என்று நிற்கும். மூன்றையும் சேர்த்த பிறகு மொத்தத்துக்கும் ஒரே ரிவெர்ப். எந்தச் சுரங்கள்? எவை எப்போது மோதும் என்று உங்களால் சொல்ல முடியாது, எனவே எந்த இரண்டு சேர்ந்தாலும் கெடாத சுரங்களாக வேண்டும். மோகனம் பாதுகாப்பானது. ஸ, ரி, ப மூன்றோடு தொடங்குங்கள்.

ஆகஸ்ட் 9, சனி

இந்த இசையை ஆலாபனையோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு ஒப்பவில்லை. ஆலாபனையில் ஒருவர் நம்மிடம் எதையோ சொல்கிறார். இது பாட்டு தொடங்குமுன் தனியாக ஒலிக்கும் தம்புராவுக்குத்தான் நெருக்கம். பாலத்தில் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் மேல்சுரங்கள் பூப்பது போல, ரம்ப அலையின் மேல் ரெசொனன்ஸ் உள்ள ஃபில்டரை மெல்லத் திறந்தால் அவை ஒவ்வொன்றாக மேலே வரும்.

நிஜத் தம்புராவோடு சிந்தசைசர் பேட்டைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1 கட்டையில் தம்புராவின் பஞ்சமம் 392.4 ஹெர்ட்ஸ், கீபோர்டின் பஞ்சமம் 392.0. அதிர்வு இரண்டு செகண்டுக்கு ஒன்று, இனிமையாகவே இருக்கும். ஆனால் அந்தர காந்தாரம் தம்புராவில் 327.0, கீபோர்டில் 329.6. செகண்டுக்கு இரண்டரை தடவை துடிக்கும், பல் கூசும். பேட்டில் காந்தாரத்தை விட்டுவிடுங்கள்; இல்லையென்றால் சர்ஜில் ஸ்கேல் கோப்பு ஏற்றி அந்தச் சுரத்தை 14 சென்ட் இறக்குங்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அலைப் பதிவு. ஆடிக் காற்றில் வெறும் மைக்கை நீட்டினால் 'படபட' மட்டும்தான் பதியும். ரோம உறை கட்டாயம். கரையில் ஏற்றி வைத்த படகின் மறைவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மைக். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பெரிய அலை உடையும்போது மீட்டர் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழே வெட்டு). குறைந்தது 20 நிமிஷப் பதிவு வேண்டும். 30 செகண்ட் அலையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மூன்றாவது சுற்றில் காது கண்டுபிடித்துவிடும்.

உப்புக் காற்று ஜாக்குகளைப் பச்சை பூக்க வைக்கும். அறிகுறி: பிளக்கைத் திருகினால் கரகரப்பு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் பிளக்கைத் துடைத்து, பத்து தடவை செருகி எடுங்கள். கேபிள்களை மூடி போட்ட டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு.

வெயில் விஷயமும் இதோடு. 'ஃபீட்ரா'வில் சீக்வென்ஸின் சுருதி மெல்ல நகர்வது மூக் சிந்தசைசரின் ஆசிலேட்டர்கள் சூடேறியதால். வெப்ப ஈடு இல்லாத சர்க்யூட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் பிசகும். அடிப்படையிலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் டிகிரிக்கு 12 சென்ட். நம் ஊரில் மதியம் ஏசி போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அனலாக் கருவியை அரை மணி முன்பே போட்டு, ஏசியையும் அப்போதே போட்டு, பிறகு சுருதி சேருங்கள். ஃபேன் காற்று நேரே கருவி மேல் படக் கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு 1969-இலேயே மூக் மாடுலர் வந்துவிட்டது, நிறுவியவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர். 1969 முதல் 1972 வரை அங்கே பதிந்த டேப்கள் 2023-இல் வெளியாயின. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் என்று பெயர்கள். 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்பவருக்கு அதைப் போட்டுக் காட்டலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

'ம்ம்ம்' என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். போய்விட்டால் அது எர்த் லூப் (கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் உண்டாகும் வளையம்). எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (மின் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி). எர்த் பின்னை உடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது வருவது வேறு ரகம். சதுர அலை இன்வெர்ட்டரில் 50-ஓடு 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகளும் சேரும். 50-ஐ மட்டும் வெட்டிப் பயனில்லை. அந்த நேரத்தில் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, ஹெட்ஃபோனில் வேலை செய்யுங்கள், பதிவை ஒத்திப்போடுங்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆடிப்பெருக்கு லூப்களை எம்பி3-ஆக மாற்றி வைத்தால் ஓட்டும்போது இடையில் விக்குகிறது. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்ளும், 23.5 செகண்ட் லூப் சில பத்து மில்லிசெகண்ட் நீண்டுவிடும். லூப்பாகச் சுற்றப்போகும் எதையும் வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகவே வையுங்கள். எம்பி3-ஏ போதும் என்பவர்கள் அந்த 27 நாள் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.