32 எம்பி ஃபிளாஷில் இடம் ஒழித்த கதை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 24 போர்ட் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 நெட்வொர்க் சுவிட்சுடன் இது மூன்றாவது வாரம். லேப்டாப்பிலிருந்து கட்டளை அடிக்க ஒரு கன்சோல் கேபிள், 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகம், கறுப்புத் திரை. புது ஐஓஎஸ், அதாவது சுவிட்சை இயக்கும் சிஸ்கோ மென்பொருள், ஏற்ற வேண்டும்.

போன வாரம் சேமித்த அமைப்புகளை அழிக்கும் ‘ரைட் இரேஸ்’ அடித்து ரீலோடு செய்த பிறகும் பழைய விலேன்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) போகவில்லை. ஃபிளாஷ் என்னும் சேமிப்பு நினைவகத்தில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் ‘டிர் ஃபிளாஷ்:’ அடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. விலேன் விவரங்கள் ‘விலேன்.டாட்’ என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன; ‘ரைட் இரேஸ்’ அதைத் தொடாது. ‘டெலீட் ஃபிளாஷ்:விலேன்.டாட்’ என்று அடித்தால் கோப்பின் பெயரைத் திருப்பிக் கேட்கும். அங்கே எண்டர் மட்டும் தட்டுங்கள். நான் ‘ஒய்’ என்று அடித்தேன். ‘ஒய்’ என்ற பெயரில் கோப்பைத் தேடி, இல்லை என்றது.

அடுத்து இடம். மொத்தமே 32 எம்பி. புது இமேஜுக்கு (ஐஓஎஸ் கோப்புக்கு) ஏறத்தாழ 11 எம்பி வேண்டும், மிச்சமோ 8 எம்பி. உள்ளே இரண்டு பழைய இமேஜ்கள், ஒவ்வொன்றும் தன் ஃபோல்டரில், கூடவே பிரௌசர் பக்கத்துக்கான எச்டிஎம்எல் கோப்புகள். எதை அழிப்பது?

இங்கேதான் நிதானம் வேண்டும். இமேஜ் பெயரில் வரும் ‘எம்இசட்’டுக்கு அர்த்தம் உண்டு: சுருக்கி வைத்த கோப்பு, விரித்து ரேமில் ஓடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் இமேஜையே ஃபிளாஷிலிருந்து அழித்தாலும் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும். அடுத்த முறை கரண்ட் போய் வரும்போதுதான் ஐஓஎஸ்ஸைக் கிளப்பும் சிறு நிரலான பூட்லோடரின் ‘சுவிட்ச்:’ என்ற வரியில் வந்து நிற்கும். அங்கிருந்து கன்சோல் கேபிள் வழியே கோப்பு அனுப்பும் எக்ஸ்மோடம் முறையில் 9600 வேகத்தில் 11 எம்பி ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரீசைக்கிள் பின் எதுவும் இங்கே கிடையாது. ஆகவே ‘ஷோ வெர்ஷன்’, ‘ஷோ பூட்’ இரண்டையும் பார்த்து, ஓடும் இமேஜ் எது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு ஓடாத ஃபோல்டரை மட்டும் ‘டெலீட் /ஃபோர்ஸ் /ரிகர்சிவ்’ கொடுத்து எடுத்தேன். ‘/ஃபோர்ஸ்’ இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் சம்மதம் கேட்கும்.

லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியே கோப்பை இழுக்கும் டிஎஃப்டிபி முதலில் டைம் அவுட் ஆனது. இணைப்பைச் சோதிக்கும் பிங் மட்டும் போய் வந்தது. லேப்டாப் ஃபயர்வாலில் டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69 போர்ட்டைத் திறந்த பிறகுதான், கோப்பு ஏறுவதைக் காட்டும் ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடத் தொடங்கின. அதைப் பார்ப்பதில் தனி ஆனந்தம்.

கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க, ‘வெரிஃபை /எம்டி5’ தந்த 32 எழுத்துகளைச் சிஸ்கோவின் வெளியீட்டுப் பக்கத்தில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ‘பூட் சிஸ்டம்’ கட்டளையில் புதுப் பெயரைக் கொடுத்து, ‘ஷோ பூட்’டில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு ரீலோடு.

‘ஷோ வெர்ஷன்’ புது இமேஜைக் காட்டுகிறது. மற்ற பழைய இமேஜை அழிக்கவில்லை. புதியது இரண்டு வாரம் ஓடட்டும்.